பாகான் செராய்: உழைப்பு வகுத்த உலாவிடங்கள்

பினாங்குக்குத் தென்கிழக்கே, பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், பேரா மாநிலத்தின் வடமேற்கு மூலையான கிரியான் மாவட்டத்தில் அமைந்திருக்கும் பாகான் செராய், உல்லாசப் பிரயாணிகள் பெயர் சொல்லித் தேடிவரும் ஊரன்று. ஈப்போவின் குகைக் கோயில்களையும் பினாங்கின் கொடிமலையையும் தைப்பிங்கின் ஏரிப் பூங்காவையும் நாடி விரைவோர், வழியில் இரு மருங்கும் விரிந்து கிடக்கும் வயல்வெளியை ரயில் ஜன்னலினூடே ஒரு கணம் நோக்கிவிட்டு, அது எந்த ஊர் என்று வினவாமலே கடந்துவிடுகின்றனர். ஆயினும், கிழக்கே மலையும் மேற்கே கடலும் எல்லையாக அமைய, இடையே ஏரியும் வாய்க்காலும் வயலும் செம்பனைத் தோட்டமும் அலையாத்திக் காடும் ஒன்றையடுத்து ஒன்றாக, ஒரே நாளில் சுற்றி வரத்தக்க தூரத்துக்குள் அடங்கியிருக்கும் இப்பிரதேசம், மருதமும் நெய்தலும் தோளுரசி நிற்கக் குறிஞ்சி பின்னே எழும் காட்சியைத் தமிழ் படித்தவனுக்குக் கண்ணெதிரே விரித்துக் காட்டும். இவ்வட்டாரத்தில் மக்கள் இளைப்பாறச் செல்லும் இடங்களுள் தானாக அமைந்தது என்று சொல்லத்தக்கது மிகச் சொற்பம். ஏரி நெல்லுக்காக அமைக்கப்பட்டது, காடு கரிக்காக வளர்க்கப்படுவது, பூங்கா ஈயச் சுரங்கத்தின் குழியில் பிறந்தது. யாருடைய உழைப்பு இவ்விடங்களை உண்டாக்கிற்று என்பதை அறிந்து காண்பதே இங்கு காண்பதற்குரிய முறை என்பது என் அபிப்பிராயம். அவ்வுழைப்பில் தமிழனுக்கும் கணிசமான பங்கு உண்டென்பதைச் சரித்திரம் நிறுவுகிறது.

பாசன நெல் பரவுமுன் இங்கே கரும்பு வந்தது. பினாங்கை அடுத்த புரொவின்ஸ் வெல்லெஸ்லியில் கரும்பு பயிரிட்ட சீன முதலாளிகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரியான் ஆற்றைக் கடந்து இப்பக்கத்துச் சதுப்பு நிலங்களைத் திருத்தத் தொடங்க, அவர்களைப் பின்பற்றி ஐரோப்பியத் துரைமாரும் வந்தனர். கூலா, காலும்போங் முதலிய தோட்டங்கள் அவ்வாறு எழுந்தவையே. அவற்றில் கரும்பு வெட்டவும் ஆலை ஓட்டவும் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரக்கணக்கானோர் கொண்டுவரப்பட்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பை ரப்பர் வெளியேற்றியது. பின்னர் ரப்பரைச் செம்பனை வெளியேற்றியது. பயிர் மாறியதேயன்றித் தோட்டத்தின் பெயரும் லயத்து வாழ்வும் நெடுங்காலம் மாறவில்லை. தோட்டத்துக்கு ஆட்படாமல் சொந்த நிலத்தில் நெல் விளைவித்த தமிழரும் இங்கு இருந்தனர் என்பது பலர் அறியாத செய்தி. 1880களில் ரெனே ஃபே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைப் பாகான் செராயில் குடியேற்றி ஒரு வேளாண் குடியிருப்பை உண்டாக்கினார். சூசையப்பரின் பெயரால் சூசைப்பாளையம் என வழங்கிய அவ்விடம், மலாயாவில் தமிழன் கூலியாக அன்றிக் குடியானவனாக வேரூன்ற முயன்ற அரிய இடங்களுள் ஒன்று. அப்பாதிரியார் 1896இல் மலாக்காவின் ஆயராக உயர்ந்தார்.

இத்தகைய ஜனங்களுக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்று எவ்வாறு வாய்த்தது? விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நிரைக்குச் சென்று மரம் சீவி, நண்பகலில் பால் எடை போட்டுத் திரும்பிய தொழிலாளிக்குப் பிற்பகல் சில மணி நேரம் மிஞ்சும். அந்நேரத்தில் இளைஞர் திடலில் பந்து உதைப்பர், மூத்தவர் வாய்க்காலோரம் தூண்டிலிட்டு விராலும் கெளுத்தியும் பிடிப்பர், சிறுவர் மதகடியில் நீரில் குதித்துக் களிப்பர். ஆண்டுக்கொரு முறை கோயில் திருவிழா. எப்போதாவது வெள்ளைத் துணி கட்டிய திறந்தவெளிப் படக்காட்சி. தைப்பூசத்தன்று லாரியில் நெருங்கி அமர்ந்து பினாங்குத் தண்ணீர்மலைக்குப் பிரயாணம். ஊர் சுற்றிப் பார்த்தல் என்று தனியே பெயரிட்டு எவரும் புறப்பட்டதில்லை. பிற்காலத்தில் தோட்டங்கள் கைமாறித் துண்டாடப்பட, குடும்பங்கள் லயத்தை விட்டுப் பாகான் செராய், பாரிட் புந்தார், நிபோங் திபால் முதலிய ஊர்களின் தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்து, பிள்ளைகள் பிறையிலும் பினாங்கிலும் உள்ள தொழிற்சாலைகளுக்கு உத்தியோகம் தேடிச் சென்ற நாள்முதலாக, ஞாயிற்றுக்கிழமை என்பது பேரங்காடியின் குளிரூட்டிய கூடங்களில் கழியும் நாளாயிற்று. திடலும் வாய்க்காலும் கைவிட்டுப் போன அளவுக்கு ஏரியும் கடற்கரையும் அவர்களுக்குப் பரிச்சயமாகவில்லை. இதனை நான் வருத்தத்துடனேயே குறிப்பிடுகிறேன். ஏனெனில் தமிழனின் பழைய வழக்கம் இதுவன்று. ஆடிப் பதினெட்டன்று காவிரிக் கரையில் சித்திரான்னங்களைச் சுமந்து சென்று புதுவெள்ளத்தை வணங்கி, அக்கரையிலேயே குடும்பத்துடன் உண்டு மகிழ்ந்த ஜனங்கள், பாசனத்தையும் உல்லாசத்தையும் வெவ்வேறாக நினைத்தவர்கள் அல்லர்.

புக்கிட் மேரா ஏரிக்கரையில் நிற்பவனுக்கு அந்த வழக்கமே முதலில் நினைவுக்கு வரவேண்டும். பாகான் செராயிலிருந்து தைப்பிங் செல்லும் திசையில், செமாங்கோலுக்கு அப்பால், குராவ் ஆற்றை மறித்துக் கட்டிய அணையால் தேங்கி, முப்பது சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் விரிந்து கிடக்கும் இந்நீர்நிலை, இயற்கையாக அமைந்த ஏரி என்றே அதனைக் காண்போரில் பெரும்பாலோர் எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில் இது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 1906இல் நிறைவேறிய கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தின் தலைநீர்த் தேக்கம்; மலாயாவில் அரசாங்கம் மேற்கொண்ட பெரும் பாசன வேலைகளில் இதுவே முதலாவது. ஈயச் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் பெருகிவந்த தொழிலாளர் கூட்டத்துக்குப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் அரிசி தருவித்துக் கட்டுப்படியாகாது என்று கண்ட பிரிட்டிஷ் ஆட்சியினர், மழையை மட்டுமே நம்பி அடிக்கடி பொய்த்துவந்த கிரியான் வயல்களுக்கு நிலையான நீர் அளித்தால் நாட்டிலேயே நெல் விளையும் என்று கணக்கிட்டுச் செய்த ஏற்பாடு அது. போர்னியோ தீவின் தென்பகுதியிலிருந்து வந்த பஞ்சார் மக்களும் உள்ளூர் மலாய்க்காரரும் அந்நீரைக் கொண்டு சதுப்பைக் கழனியாக்கினர். இன்றும் 23,000 ஹெக்டேர் அளவிலான வயல்கள் இதன் நீரால் ஆண்டுக்கு இருபோகம் விளைகின்றன. மாவட்டத்துக் குடிநீருக்கும் இதுவே ஆதாரம்.

இவ்வேரி ஆழம் குறைந்தது. அதன் கரைகளில் ராசாவ் என்னும் தாழையினம் அடர்ந்து வளர்ந்து, நீருக்கும் நிலத்துக்கும் இடையே வரம்பு எது என்று கூறமுடியாதபடி செய்துவிடுகிறது. அதிகாலையில் சிறு படகில் அதனூடே செல்வோர், செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலெழுந்து மூச்சுவிட, அவற்றின் கீழே காவலாக உலவும் தோமான் மீனின் கரிய முதுகை நீர் தெளிந்த இடங்களில் காணலாம். பெரிய விரால் இனமாகிய அது, தன் குஞ்சுகளை அணுகும் எதனையும் தாக்கும் இயல்புடையது. ஆனால் ஏரிக்குப் புகழ் தந்தது தோமான் அன்று, கெலிசா எனப்படும் பொன்னிற அரோவானா மீன். ஆண்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலே ஏந்திக் காக்கும் இந்த விசித்திர ஜீவன், சீனரிடையே டிராகன் என்னும் பறவைநாகத்தின் அம்சமாகவும் அதிர்ஷ்டத்தின் சின்னமாகவும் மதிக்கப்பட்டதால் கண்ணாடித் தொட்டிகளுக்கென்று அளவின்றிப் பிடிக்கப்பட்டு, ஏரியில் காண்பதற்கே அரிதாகிவிட்டது. அழியும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்பாடு அதனை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. இன்று விற்கப்படுவன பண்ணைகளில் வளர்ந்தவை. காட்டிலே அரிதாகித் தொட்டியிலே பெருகிய இவ்வுயிரின் கதையை, ஏரியில் தூண்டில் போட வருவோர் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

ஏரியின் நடுவே இருப்புப்பாதை செல்கிறது. 1903ஆம் ஆண்டளவில் பிறை முதல் சிரம்பான் வரை தொடர்ந்து ஓடத் தொடங்கிய பழைய ரயில்பாதை கரை எழுப்பி ஏரியைக் கடந்தது. 2014ஆம் ஆண்டின் இறுதியில் நிறைவடைந்த ஈப்போ–பாடாங் பெசார் மின்சார இரட்டைப் பாதை நீரின்மேல் நீண்ட பாலத்தின் வழியாகச் செல்கிறது. கமுந்திங்குக்கும் பாகான் செராய்க்கும் இடையே இருபுறமும் நீர் விரிய ரயில் விரையும் அச்சில நிமிஷங்கள், இந்நாட்டு ரயில் பிரயாணங்களிலே மிக ரம்மியமானவற்றுள் ஒன்று என்று நான் தயக்கமின்றிச் சொல்வேன். அதற்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை. கரையிலுள்ள உல்லாச விடுதி, நீர் விளையாட்டுப் பூங்கா ஆகியவற்றைப் பற்றி அதிகம் எழுதவேண்டியதில்லை; அத்தகையன எங்கும் உண்டு. ஏரியிலுள்ள பூலாவ் பாஞ்சாங் என்னும் தீவில் 2000ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட ஓராங் ஊத்தான் காப்பகம் மட்டும் தனியே குறிப்பிடத்தக்கது. அங்கே மனிதர் கம்பிவலையிட்ட நடைபாதைக்குள் அடைபட்டுச் செல்ல, வாலில்லாக் குரங்குகள் வெளியே மரங்களில் உலவுகின்றன. போர்னியோவுக்கு உரிய அப்பிராணியை அதன் தாயகத்துக்கு வெளியே ஒரு தீவில் வளர்ப்பது காப்பதாகுமா என்ற வினா எழுப்பப்பட்டதுண்டு. அது நியாயமான வினா என்றே எனக்கும் தோன்றுகிறது.

அணையிலிருந்து புறப்படும் இரண்டு பெரிய கால்வாய்கள், பெருங்கால்வாயும் செலின்சிங் கால்வாயும், கிளைத்துக் கிளைத்துக் கடலோரம் வரை சென்று வயல்களில் பரவுகின்றன. அக்கால்வாய்க் கரைகளே, என் கணிப்பில், இப்பிரதேசத்தின் தலைசிறந்த நடைபாதைகள். அவற்றில் நடக்கச் சீட்டு வாங்கவேண்டியதில்லை, நேரக் கட்டுப்பாடு இல்லை, மேடு பள்ளம் இல்லாமையால் முதியோரும் சிறுவரும் சைக்கிளில் எளிதாகச் செல்லலாம். நாற்று நட்ட புதிதில் வானம் முழுவதும் வயலில் கிடக்கும். கதிர் முற்றும் பருவத்தில் அடிவானம்வரை ஒரே பொன்னிறம். இவ்விரு பருவங்களுக்கும் இடைப்பட்ட பசுமையையே நான் மேலாகக் கருதுவேன். அப்போதுதான் பறவைகள் மிகுதி.

அப்பறவைகளுள் ஒன்று தமிழனுக்கு நெடுநாள் பழக்கமானது. நத்தைகுத்தி நாரை எனத் தமிழ்நாட்டில் வழங்கும் அப்பறவை, முன்பு மலேசியாவில் அரிதினும் அரிதாகவே காணப்பட்டு, 2013 முதல் பெருங்கூட்டமாக வட மாநிலங்களின் வயல்களுக்கு வரத் தொடங்கியது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த பொன்னத்தை 1991இல் இந்நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, இளநாற்றைத் தின்று விவசாயிகளை நலிவித்துவருவது. அந்நத்தையே இந்நாரைக்கு உணவு. வரப்பில் ஆடாமல் நின்று நோக்கினால் அதன் தொழிலைக் காணலாம். அலகின் இரு பகுதிகளும் நுனியில் மட்டும் சேர்ந்து நடுவில் இடைவெளி விட்டு நிற்க, பறவை தலையைச் சேற்றுக்குள் அமிழ்த்தித் துழாவி, நத்தையை அகப்படுத்தி, மேலலகால் அதனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழலகின் கூரிய முனையை ஓட்டின் மூடிக்குள் செலுத்திச் சதையை அறுத்து இழுத்துத் தலையை உயர்த்தி விழுங்கும். ஓடு பெரும்பாலும் உடையாமல் அப்படியே சேற்றில் கிடக்கும். வேளாளனுக்குக் கூலியின்றி உதவும் இப்பறவையைக் கல்லெறிந்து ஓட்டுவோர் இல்லாதிருக்கவேண்டும்.

வயல்வெளியின் நடுவே தனித்து எழும் செமாங்கோல் மலையை ஏறுவோர் உடலுக்குப் பயிற்சி வேண்டி ஏறுகின்றனர். ஏறத்தக்க காரணம் வேறும் உண்டு. மலையின் பாறைகளுள் கடினமான சிக்கிமுக்கி அடுக்குகளைக் காணலாம். அவை ஆழ்கடலின் அடியில், ரேடியோலேரியா என்னும் கண்ணுக்குப் புலப்படாத உயிர்களின் மணல் நிகர்த்த கூடுகள் படிந்து படிந்து இறுகி உண்டானவை. இருபது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. இம்மலையின் பெயராலேயே கெடா வரை பரவிய அப்பாறை வரிசைக்குச் செமாங்கோல் படிவம் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் பெயரிட்டுள்ளனர். வயலைக் காண உயரம் தேடிச் சென்றவன் பண்டைக் கடலின் அடித்தளத்தின்மேல் நிற்கிறான். மலையடிவாரத்திலோ வேறொரு சரித்திரம்: 1934இல் ஷேக் அபு பக்கார் அல்-பாகிர் நிறுவிய சமயக் கல்விச்சாலை அங்குதான் வளர்ந்தது, 1948இல் ஹிஸ்புல் முஸ்லிமின் என்னும் அரசியல் கட்சி அங்குதான் பிறந்தது, மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் அக்கட்சி ஒடுக்கப்பட்டது.

மேற்கே திரும்பினால் நிலம் மெல்ல உப்பேறுகிறது. இறால் பிடிப்புக்கும் பெலாச்சான் என்னும் இறால் விழுதுக்கும் பெயர்பெற்ற குவாலா குராவ் மீனவப் பட்டினத்தைக் கடந்து தெற்கே குவாலா கூலாவை அடைந்தால், மாத்தாங் அலையாத்திக் காட்டின் வட எல்லையில் நிற்கிறோம். பறவைகளின் பொருட்டு இவ்வட்டாரத்தில் பிரசித்தமான இடம் இதுவே. சைபீரியாவின் குளிர்நிலங்களில் குஞ்சு பொரித்து, ஆஸ்திரேலியா வரை நீளும் ஆகாயப் பாதையில் தெற்கு நோக்கிச் செல்லும் கரைப்பறவைகள், செப்டம்பர் முதல் மார்ச் வரை இங்குள்ள சேற்றுத் திட்டுகளில் இறங்கிப் பசியாறுகின்றன. கோடியக்கரையில் நாம் காணும் பவளக்காலியும் மூக்கனும் இங்கும் உண்டு. காண்பதற்கு உகந்த வேளை கடல் வற்றித் திட்டுகள் வெளிப்படும் நேரமும், மீண்டும் ஏறத் தொடங்கும் நேரமுமே. ஏற்றத்தின்போது நீர் திட்டைச் சுருக்கச் சுருக்க, பரந்து மேய்ந்த பறவைகள் அனைத்தும் நெருங்கி ஒரே இடத்தில் திரண்டுவிடுகின்றன. ஓத நேரத்தை விசாரித்துக்கொள்ளாமல் படகு ஏறுபவன் வெறும் நீரையே கண்டு திரும்புவான்.

குவாலா கூலாவின் துயரமும் இங்கே சொல்லப்படவேண்டும். மலாய்க்காரர் உப்பே என்று வழங்கும் பால்வண்ணப் பெருநாரைக்குத் தீபகற்பத்தில் எஞ்சிய கடைசிப் புகலிடமாகக் கருதப்பட்டது இதுவே. 1980களின் நடுவில் நூறளவில் எண்ணப்பட்ட அப்பறவை, 2000க்குப் பிந்திய சில ஆண்டுகளில் பத்துக்கும் கீழே வந்துவிட்டது. வனவிலங்குத் துறையும் தேசிய மிருகக்காட்சிச் சாலையும் கூண்டில் வளர்த்த பறவைகளை இங்கே கொண்டுவந்து விடுவித்து அதன் குலத்தை நிலைநிறுத்தப் பாடுபட்டன. இப்பறவை வேடந்தாங்கலில் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரைக்கு நெருங்கிய உறவு. வேடந்தாங்கலோ ஒரு பாசன ஏரி. அவ்வூர் மக்கள் பறவைகளைச் சுடும் வெள்ளைச் சிப்பாய்களைத் தடுக்குமாறு செங்கற்பட்டு ஜில்லாக் கலெக்டரிடம் முறையிட்டு, 1798ஆம் ஆண்டிலேயே அவற்றைக் காக்கும் உரிமையை எழுத்தில் பெற்றவர்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் தங்கள் வயலுக்கு எரு என்பதை அனுபவத்தில் கண்டிருந்ததால் அவர்களுக்கு அக்கறை தானாகப் பிறந்தது. காப்பது அரசாங்கத்தின் வேலை, பார்ப்பது நம் வேலை என்னும் பிரிவினை அவர்களிடம் இல்லை. குவாலா கூலாவின் மீனவரும் படகோட்டியும் பறவையால் பிழைக்கும் நாள் வந்தால் உப்பேயும் பிழைக்கும் என்று நம்புகிறேன்.

மாத்தாங் காடு சுமார் 40,000 ஹெக்டேர் பரப்புடையது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஒழுங்காகத் திட்டமிட்டு வெட்டி வளர்க்கப்படுவதால் உலகெங்கும் வனவியலார் எடுத்துக்காட்டும் அலையாத்திக் காடு. நெய்தல் திணையில் கண்டல் என்று பயின்றுவரும் மர இனத்தைச் சேர்ந்த பாக்காவ் மரமே இங்குப் பயிர். நட்ட பதினைந்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் நெருக்கத்தைக் கலைத்துக் கழிகளை எடுப்பர், முப்பதாம் ஆண்டில் முழுவதும் வெட்டுவர், மறுபடி நடுவர். வெட்டிய மரம் குவாலா செபெத்தாங்கின் கரிச்சூளைகளுக்குச் செல்கிறது. செங்கல்லால் கவிழ்த்த குடம்போல் எழுப்பிய சூளைக்குள் பட்டை உரித்த கட்டைகளை நிறுத்திவைத்து, வாயிலில் தீ மூட்டி, வெப்பத்தால் மாத்திரம் மரத்தின் ஈரத்தை வாரக்கணக்கில் போக்குகின்றனர். கட்டை எரிந்துவிட்டால் கரி இல்லை. உள்ளே என்ன நிகழ்கிறது என்பதைச் சூளைக்காரர் வெளியேறும் புகையை முகர்ந்தே அறிகிறார்: ஈரப் புளிப்பு மாறி உலர்ந்த காரம் வந்ததும் துளைகளை அடைத்துச் சூளையை ஆறவிடுகிறார். தொழிற்கூடமாகிய அதனைக் காணத் திரளாக மக்கள் வருகின்றனர் என்பதே இக்கட்டுரையின் கருத்துக்குச் சாட்சி. செபெத்தாங் ஆற்றின் மேற்பகுதியில், சிம்பாங் அம்பாட் செமாங்கோலை அடுத்த கம்போங் டியூவில், இருட்டியபின் படகில் சென்றால் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக ஒரே தாளத்தில் மின்னுவதைக் காணலாம். கைவிளக்கும் தொலைபேசி வெளிச்சமும் அவற்றின் இணைதேடலைக் குலைப்பவை. அங்கே செல்வோர் அவற்றை அணைத்துவிட்டே அமரவேண்டும்.

குவாலா செபெத்தாங்குக்கு முன்னாளில் போர்ட் வெல்ட் என்று பெயர். தைப்பிங்கிலிருந்து அத்துறைமுகம் வரை 1885ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் ஓடிய ரயிலே மலாயாவின் முதல் ரயில். அப்பாதையை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படைப்பிரிவுகள் வருவிக்கப்பட்டன. பாதை மறைந்துவிட்டது, ரோமன், ஜாவி, சீன எழுத்துகளோடு தமிழெழுத்திலும் பெயர் பொறித்த நிலையப் பலகை அவ்விடத்தில் இன்னும் நிற்கிறது. தைப்பிங்கின் ஏரிப் பூங்காவைப் பற்றி நூல்கள் பல கூறுவதால் இங்கு விரிக்க வேண்டுவதில்லை: கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குழிகள் 1880களில் பூங்காவாக்கப்பட்டன, கரையிலிருந்து நீரைத் தொடும்படி சாய்ந்து நிற்கும் மழைமரங்கள் அக்காலத்தில் நட்டவை.

நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் பூங்கா அமைப்பது தமிழ்நாட்டுக்கும் பழக்கமான வழக்கமே. 1934இல் முடிந்த மேட்டூர் அணையும் 1959இல் திறந்த வைகை அணையும் ஞாயிறுதோறும் குடும்பங்கள் கூடும் இடங்களாக விளங்குகின்றன. அங்கே செல்பவருக்கு அது அணை என்பதும், நீர் எவ்வயலுக்குச் செல்கிறது என்பதும் தெரியும். புக்கிட் மேராவில் அவ்வறிவு தேயத் தொடங்கியுள்ளது என்பதே கவலை. வறட்சிக் காலத்தில் ஏரியின் மட்டம் தாழ்ந்து கரைச்சேறு வெடித்து நிற்கும்போது, உல்லாசத்துக்கு வந்தவர் ஏமாற்றமடைகின்றனர். அதே வேளையில் பாசனத்துக்கு நீரை முறை வைத்து விடவேண்டிய நெருக்கடியில் விவசாயி நிற்கிறான் என்பதை அவர் நினைப்பதில்லை. படகும் விடுதியும் நீர் விளையாட்டும் வயலுக்கு அடுத்த இடத்தையே பெறவேண்டும். குராவ் ஆற்றின் தலைப்பகுதியிலுள்ள காடு அழிக்கப்பட்டால் மண் கரைந்து வந்து ஆழமற்ற இவ்வேரியை மேலும் தூர்க்கும்; அதன்பின் நெல்லும் இல்லை, உலாவும் இல்லை. ஆகவே காட்டைக் காத்தல் பொழுதுபோக்கை வளர்ப்போருக்கும் முதற்கடமை.

தோட்டத்தில் பிறந்து இன்று தாமானில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும், அவர்தம் பிள்ளைகள் பயிலும் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும், கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு விண்ணப்பம். கூலா, காலும்போங், செலின்சிங், செர்சோனிஸ் என்று தோட்டங்களின் பெயரைத் தாங்கிய பள்ளிகள் இப்பிரதேசத்தில் எழுந்தன. அப்பெயர்கள் குறிக்கும் மண்ணை அப்பிள்ளைகள் காலால் நடந்து அறியவேண்டும். கோலாலம்பூரின் கேளிக்கைப் பூங்காவுக்கு ஒரு பேருந்து அமர்த்தும் செலவில் பன்முறை இங்கே செல்லலாம். பட்டர்வொர்த்திலிருந்து வரும் கொமுட்டர் ரயில் பாகான் செராயில் நிற்கிறது. காலையில் கால்வாய்க் கரை, நண்பகலில் ஏரிக்கரையில் கட்டுச்சோறு, மாலையில் ஓதம் பார்த்துக் குவாலா கூலா என்று ஒரு நாளை வகுத்துக்கொண்டால் போதும். பழைய கால்வாய்களில் மீன் பிடித்த பாட்டனாரையும் பால் வெட்டிய பாட்டியாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், வழிகாட்டி வேறு தேவையில்லை. அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் எழுதிவைத்தால் இவ்வட்டாரத்துக்குத் தமிழில் ஒரு நல்ல கையேடு உருவாகும். பறவைகள் செப்டம்பரில் வரத் தொடங்கி மார்ச்சில் திரும்புகின்றன. பள்ளிகளின் நீண்ட விடுமுறையும் அந்த மாதங்களுக்குள்ளேயே அமைகிறது.